அனிலுக்கு அவனுடைய ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

யார் எது கேட்டாலும் சரி சரியென்று தலையாட்டிவிடும் என் அருமைத் தம்பி பாலுவுக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அனிலை அவனுடைய ஸ்டூடியோவிலேயே, அவனுடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து, அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய் குடித்தவன் மாதிரி இருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்தவன் அவமானப்படுவதைப் பார்த்து இந்த வயதில் சந்தோஷப்படலாமா என்று யாராவது கேட்டால், ஐம்பத்திரண்டு வயதில் தாராளமாகப் படலாம் என்பேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நம் கொச்சித் தமிழ்ச் சமாஜத்தின் ஆண்டு மலரில் மறைந்தவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் கடைக்கு வந்து, "சரசு, தம்பியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கோ" என்றார். எழுதுகிறேன் என்றேன். நாலு வார்த்தையில் நிற்காது, எல்லாம் நல்ல வார்த்தையாகவும் இருக்காது என்பதை அவரிடம் சொல்லவில்லை. இதில் ஒரு வரியை வெட்டினாலும் அவர் வீட்டம்மாவின் ரவிக்கைகள் தீபாவளிக்குக் கிடைக்காது. அதை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உயிரோடு இருந்தபோது என் புலம்பலை எத்தனை தடவை கேட்டிருப்பாய், இது ஒன்று கூடுதல்.

வெலிங்டன் தீவில் கப்பல்களுக்கு எலக்ட்ரிக் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் இருந்தாய். காலையில் படகு, மாலையில் படகு. வீட்டுக்கு வந்தால் மாடி அறையும் கிட்டாரும். கல்யாணப் பேச்சு எடுத்தால், "இந்தப் பொகையில எவ வந்து இருப்பாக்கா" என்று சால்டரிங் கம்பியைத் தூக்கிக் காட்டுவாய். கீழே என் தையல் கடை. என் புருஷன் போன பிறகு அந்த வீட்டில் நீயும் நானும்தான். பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை, மேலேயிருந்து உன் ஈயப் புகை. மட்டாஞ்சேரியில் யார் ரவிக்கையை மோந்தாலும் அது சரசு தைத்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று கேலி செய்வார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அனில் போர்ட் கொச்சியில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ திறந்தான். அதற்காக அமெரிக்காவிலிருந்து ஒரு கிட்டார் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, வரவழைத்தான். சாதாரண ஆம்ப் அல்ல. உள்ளே பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகள் சூடேறி ஒளிர வேண்டும், அப்போதுதான் கிட்டார் பாடும். அதைச் செய்தவர் ஒரே ஒரு ஆள், கையாலேயே செய்வார், தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் செய்வார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். யாரும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்று உள்ளே பாகங்களின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிடுவாராம். உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறதாம். அதில் ஒன்று நம் அனிலிடம்.

அமெரிக்கச் சாமானுக்கு நம் ஊர்க் கரண்டில் பாதிதான் ஆகும். நடுவில் கரண்டைக் குறைக்கிற கன்வெர்ட்டர் வைக்க வேண்டும். அதையும் வாங்கித்தான் வைத்திருந்தான். திறப்பு விழா அன்று போட்டோவில் அது அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆம்ப்பை நேராகச் சுவரில் சொருகினான் பார், அந்த அறிவுக் கொழுந்து. ஆம்ப்பிலிருந்து புகை வந்ததும், விருந்தாளிகளிடம் அது சூடாகிறது, அப்படித்தான் என்றானாம். மறுநாள் ஒரு ஜீப்பில் அதைப் போர்வை போட்டு மூடி நம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். மாடிப்படியில் நீ ஒரு பக்கம், நாசர் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினீர்கள். நாசர் உன் கூட வேலை செய்தவன், இன்றும் எனக்கு உடன்பிறந்தான் மாதிரி.

நாலு மாதம். வேலை விட்டு வந்து தினமும் அந்தப் பிசினைச் சூடுகாட்டிப் பல்குத்தும் குச்சியால் சுரண்டினாய். அந்த நாற்றம் தாங்காமல் நான் கத்தாத கத்தல் இல்லை. என் கடையின் அளவுத்தாள்களை எடுத்துப்போய்ப் பின்பக்கத்தில் கோடு கோடாகச் சர்க்யூட் வரைந்தாய். ஒருமுறை தெரியாமல் அதில் ஒரு தாளை வைத்துச் சுடிதார் வெட்டிவிட்டேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. களமசேரியில் யாரிடமோ போய் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டு வந்தாய். மாடியில் இரண்டு தகரத் தட்டுகளில் இரண்டு ஆம்ப் உருவாவதைப் பார்த்தேன். எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, "ஒண்ணு பரிசோதனைக்கு" என்றாய். நம்பினேன்.

எல்லாம் முடிந்து பாடத் தொடங்கிய பிறகு, நீயே பிசின் கலக்கி அதன் மேல் ஊற்றினாயே, அதுதான் எனக்குப் புரியவேயில்லை.

"நாலு மாசம் சொரண்டி எடுத்துட்டு மறுபடியும் ஏன்டா ஊத்தற? நாளைக்குக் கேடானா எப்படிப் பாப்ப?"

"அவர் ஊத்தியிருக்காருக்கா. நானும் ஊத்தணும். இல்லேன்னா அது அந்த ஆம்ப் இல்ல."

"கேடானா?"

"நான் இருக்கேன்ல."

இந்தப் பதிலைச் சொன்னவன் எங்கே இப்போது?

ஒன்று அனிலின் பெட்டியோடு திரும்பிப் போனது. நீ ரிப்பேர் செய்துவிட்டாய் என்று நானும் நாசரும் நினைத்தோம். இன்னொன்று உனக்கு. அதற்கு ஆஞ்சிலிப் பலகையில் நீயே பெட்டி செய்தாய். முன்பக்கத்துக்குத் துணி நான் தைத்தேன். ஏழு துணி காட்டினேன், ஒவ்வொன்றையும் வாயருகே பிடித்து ஊதிப் பார்த்து, காற்று அடைபடுகிறது என்று ஆறைத் தள்ளினாய். ஏழாவது சோபா துணியென்று தெரிந்தும் தலையாட்டினாய். பெட்டியின் நெற்றியில் பேர் எதுவும் போடவில்லை. இதைப் பார்த்துவிட்டு எர்ணாகுளத்தில் கிட்டார் வாசிக்கிற மூன்று பேர் தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். நீ அன்றைக்கு எனக்கு நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரி வாங்கி வந்தாய்.

அங்கேதான் அனிலுக்கு வயிறு எரிந்தது. மூன்று பேர் முப்பது பேர் ஆனால் அவன் ஒரிஜினலைத் தேடி யார் வருவார்கள்? இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து, உன் ஆம்ப்பை இரண்டு நாளைக்குக் கேட்டான். ரெண்டையும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுக்கிறேன், உனக்கு நல்லதுதான் என்றான். நீ அந்த ஆஞ்சிலிப் பெட்டியைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல அனுப்பினாய்.

வீடியோவில் இரண்டிலும் வாசித்துக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாலுவின்ட சாதனம் கொள்ளாம். பக்‌ஷே டூப்ளிக்கேட் டூப்ளிக்கேட் தன்னே." பரவாயில்லை, ஆனால் போலி போலிதான் என்று. கீழே நூற்றுக்கணக்கில் ஆமாம் போட்டார்கள். ஒரிஜினலில் உயிர் இருக்கிறதாம், மற்றதில் இல்லையாம். மூன்று பேரும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். படகில் டிக்கெட் கிழிப்பவர்கூட உன்னை டூப்ளிக்கேட் பாலு என்று கூப்பிட்டார். நீ அதற்கும் தலையாட்டினாய்.

பத்து மாதத்துக்கு முன்னால், மதியம் ஒர்க்‌ஷாப்பில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாய். பாத்திரத்தை நாசர் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். அனிலும் வந்தான், பெரிய மாலையோடு. உன்னை வைத்திருந்த கூடத்தில், நான் கேட்கிறேன் என்று தெரிந்தே, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "ஆள் ஒரிஜினலா, பணி மாத்ரம் டூப்ளிக்கேட்." மனுஷன் அசல், வேலைதான் போலி. இரண்டு பேர் சிரித்தார்கள். உன் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, பாலு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவனை விடுவதில்லை என்று. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியை நீயே வைத்துவிட்டுப் போயிருந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாடியைச் சுத்தம் செய்தபோது, பரணில் என் கடையின் நீலப் பாப்ளின் துணியில் சுற்றிய ஒரு கனமான சாமான் கிடைத்தது. பிரித்தால் கருகிப்போன தகரத் தட்டு, சுரண்டிய பிசின், வெடித்த டிரான்ஸ்ஃபார்மர். எனக்கு என்ன தெரியும்? நாசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். தகரத்தின் ஓரத்தில் அந்த அமெரிக்கர் தன் கையெழுத்தைக் கீறி வைத்திருந்தார். நாசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இதுதான் அனில் சேட்டன்ட ஒரிஜினல். பூரா செத்துப்போன சாதனம். இத யாராலயும் எழுப்ப முடியாது."

"அப்ப அங்க இருக்கறது?"

"பொட்டி மட்டும்தான் அவனோடது. உள்ள பாடறது நம்ம பாலு செஞ்சது." பிறகு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா, அந்த வீடியோல ரெண்டுமே பாலு செஞ்சதுக்கா! பாலுவையும் பாலுவையும் வெச்சுத்தான் அவன் மோசம் நல்லதுன்னு சொல்லிருக்கான்."

அப்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி அனில் மேல். மீதி உன் மேல். ஏன்டா சொல்லவில்லை? அவன் உன்னிடம் வாக்கு வாங்கியிருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரே உன்னைப் போலி என்றபோதுகூட என்னிடம் சொல்லக் கூடாதா? மேலும் கீழுமாக ஒரே வீட்டில் இருந்தோமே. தூக்கி எறியச் சொல்லியிருப்பான் இந்தத் தகரத்தை. காயல் தண்ணீரில் போடாமல் பரணில் ஏன் வைத்தாய்? என்றைக்காவது நான் எடுப்பேன் என்றா? அந்தப் புகழ்ச்சியெல்லாம் வேறு பேரில் உனக்குத்தானே வருகிறது என்று மாடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாயா, அழுதுகொண்டிருந்தாயா?

நாசர் அன்றைக்கே போய் அனிலின் சட்டையைப் பிடிக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். துணியை வெட்டுவதற்கு முன் மூன்று தடவை அளவு பார்ப்பவள் நான். தானாக வருவான் என்று தெரியும். நீ செய்தது ஏழு வருடம் இரவு பகல் பார்க்காமல் உழைத்திருக்கிறது. ஒருநாள் கேடாகும். கேடானால் பார்க்க நீ இல்லை. வேறு யாரும் பார்க்க முடியாதபடி பிசினை ஊற்றி மூடியிருக்கிறாய். அதனால் காத்திருந்தேன். தினமும் காலையில் கடை திறந்து சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது, இன்றைக்காவது அது கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கு இப்படியும் ஒரு வேண்டுதல் வந்திருக்காது.

எட்டு மாதம் கழித்துப் பலித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அனில் கடை வாசலில் வந்து நின்றான். நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. ஆறு கொக்கியும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுத்தான், "எந்தா அனிலே?" என்றேன்.

"சேச்சி, ஒரு உபகாரம் செய்யணும். பாலுவின்ட ஆம்ப் ரெண்டு நாளைக்குத் தரணும்."

"டூப்ளிக்கேட் உங்களுக்கு எதுக்கு? ஒரிஜினல் இருக்கே."

"அது... அதினு சின்னதா ஒரு சர்வீஸ்." வேர்த்துவிட்டது. "சென்னையிலேந்து ஒரு பெரிய பார்ட்டி வருது. ஒரிஜினல்ல வாசிக்கணும்னே வருது."

"சரி. பெட்டியோட கொண்டுவரேன்."

"வேண்டா வேண்டா. பெட்டி வேண்டா சேச்சி. உள்ளில உள்ளது மாத்ரம் மதி."

உள்ளே இருப்பது மட்டும் போதுமாம், தன் பெட்டிக்குள் மாட்டி ஒரிஜினல் என்று காட்ட. என் கையில் ஊசி இருந்தது. குத்தவில்லை. "பெட்டியோடதான் வரும், நானும் கூட வருவேன்" என்றேன். வேறு வழியில்லாமல் சரியென்றான். சாயா குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன். நாசர் அதைக் கேட்டு, "அக்கா, நீங்க பயங்கரமான ஆளு" என்றான்.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் மூன்று பேர் போனோம்: நான், நாசர், நடுவில் உன் ஆஞ்சிலிப் பெட்டி. என் மடியில் துணிப்பை. அதில் நீலப் பாப்ளின் சுற்றிய தகரம்.

சென்னைப் பார்ட்டி என்றானே, அது ரோஷினி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும், கட்டை முடி, கிட்டாரைத் தவிர எதையும் பார்க்காத கண். கூட ஐந்தாறு பேர் கேமராவும் மைக்குமாக. தமிழ்க்காரி என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பலம் வந்தது. அனில் அவளிடம், ஒரிஜினல் சர்வீஸில் இருக்கிறது, இன்றைக்கு இதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், இது ஒரு லோக்கல் டூப்ளிக்கேட், காரியம் நடக்கும் என்றான். ஒரிஜினலின் பெட்டி கண்ணாடி அலமாரிக்குள், விளக்குப் போட்டு, கோயில் மாதிரி இருந்தது. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே உன் ஆம்ப்பில் கிட்டாரைச் சொருகினாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது, பாலு. அவள் முகம்தான் தெரிந்தது. ஒரு தடவை வாசித்தாள். நிறுத்தினாள். கூட இருந்த பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி வாசித்தாள், கால் மணி நேரம் நிறுத்தவேயில்லை. பிறகு கேட்டாள்.

"இது யார் பண்ணது?"

"இவருடைய ஒரிஜினலைப் பண்ணவர்தான்" என்றேன் நான்.

"புரியல ஆன்ட்டி."

பையைத் திறந்து தகரத்தை அவளுடைய மேஜை மேல் வைத்தேன். நாசர் டார்ச் அடித்துக் கையெழுத்தைக் காட்டினான். திறப்பு விழாவில் புகை வந்ததிலிருந்து பரண் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. அனில் முதலில் சிரித்தான். பிறகு பொய் என்றான். நாசர், அலமாரியைத் திறந்து பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிடலாமே என்றான். உள்ளே வயர்களெல்லாம் மெழுகு நூலால் கப்பல் முறையில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கும், நம் ஒர்க்‌ஷாப் முடிச்சு அது, அமெரிக்கருக்குத் தெரியாது என்றான். ரோஷினி எழுந்து அலமாரிப் பக்கம் போனாள். அனில் குறுக்கே வந்து நின்றான். அந்தக் குறுக்கே நின்றதிலேயே அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவன் கையிலிருந்த கடைசிச் சீட்டை இறக்கினான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான்.

"சேச்சி, இது வெளியில போனா பாலுவின்ட பேரும் போகும். அவன் கையாலதானே மாத்தி வெச்சது? எத்ர பேர் ஒரிஜினல்னு நம்பி வந்து வாசிச்சிட்டுப் போச்சு? எல்லாம் அவனுக்கும் தெரியும். செத்த ஆளைக் கள்ளன் ஆக்கணுமா?"

நிஜம்தானே. நீயும் ஏமாற்றினாய். வாக்குக் கொடுத்தாய், பொய்க்குத்தான் கொடுத்தாய். இதை மறைத்து உன்னைப் புண்ணியவான் ஆக்க எனக்கு வராது. ஆனால் பேரே இல்லாமல் டூப்ளிக்கேட் என்று கிடப்பதற்கு, கள்ளன் என்றாலும் உன் பேர் உன்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. "போகட்டும் அனிலே" என்றேன். "ரெண்டு பேர் பேரும் சேர்ந்தே போகட்டும்." எல்லோருக்கும் கேட்கும்படித்தான் சொன்னேன். இது தப்பென்றால் நான் அங்கே வந்த பிறகு சண்டை போடு.

பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. நீ சொல்கிறாயா, நாங்கள் சொல்லட்டுமா என்று ரோஷினி அனிலிடம் கேட்டாள். அதே நாற்காலி, அதே கேமரா, அதே சேனல். தன் ஆம்ப் முதல் நாளே எரிந்தது, ஏழு வருடமாக ஒரிஜினல் என்று எல்லோரும் கேட்டது மட்டாஞ்சேரி பாலு செய்தது, வீடியோவில் காட்டிய இரண்டுமே பாலு செய்தது என்று அவன் மலையாளத்தில் சொன்னான். பாலுவுக்கும் இது தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டான், விடுவானா? ஒரு தடவை உன் பேரை முழுங்கிவிட்டுச் சொன்னான். "கேக்கல" என்றேன். மறுபடி சொன்னான்.

கிளம்பும்போது நாசர் அலமாரியைத் திறந்து, அனிலின் பெட்டிக்குள் இருந்த உன்னுடையதை வெளியே எடுத்து ஆட்டோவில் வைத்தான். அனில் வாயைத் திறந்தான். நான் அந்தக் கருகின தகரத்தை அவன் இரண்டு கையிலும் வைத்தேன். "இந்தாங்கோ, உங்க ஒரிஜினல். பத்திரமா வெச்சுக்குங்கோ" என்றேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். ரோஷினியின் ஆட்கள் சிரித்தார்கள். உன் தலைமாட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள் என்றேனே, இங்கே அதைவிட அதிகம். எண்ணிப் பார்த்தேன்.

இப்போது தினமும் காலையில் சாயாவோடு அந்த வீடியோவின் கீழே வந்திருப்பதையெல்லாம் வாசிக்கிறேன். அனிலைத் திட்டியிருப்பதை இரண்டு தடவை வாசிக்கிறேன். உன்னையும் சிலர் திட்டியிருக்கிறார்கள், அதையும் வாசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்கிறார்களே, சுத்தப் பொய். வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன். உன் ஆம்ப்பை விலைக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அது கடையில் என் மிஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, விற்கிற சாமான் இல்லை என்று அனுப்பிவிட்டேன். நாசர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதைச் சூடாக்கி, தனக்குத் தெரிந்த நாலு சுரத்தை வாசிக்கிறான். கேட்கச் சகிக்கவில்லை. அவன் வாசிப்பதைச் சொல்கிறேன், ஆம்ப்பை அல்ல.

அனில் பெட்டியிலிருந்து கொண்டுவந்தது என் வெட்டு மேஜையில் கிடக்கிறது. ஊமையாக. எங்கே கேடு என்று பார்க்க வேண்டுமென்றால் நீ ஊற்றிய பிசினைச் சுரண்ட வேண்டும். உள்ளே தங்கியிருந்த கரண்டையெல்லாம் நாசர் இறக்கிவிட்டான், இனி தொட்டாலும் ஷாக் அடிக்காது. தானே சுரண்டுகிறேன் என்றான். நான் விடவில்லை. கடை மூடியதும் நான்தான் உட்கார்ந்து சுரண்டுகிறேன். அதே நாற்றம். உன் மேல் கத்தினேனே, இப்போது கத்த ஆளில்லாமல் நானே முகர்கிறேன்.

சுரண்டும்போது ஒன்று நினைவுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. உனக்கு அது மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை, மறந்தது போல இருந்தேன்.

அனிலின் அந்த முதல் வீடியோ வந்த அன்று, மத்தியானம் நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். ஓணத் தையல் மலையாகக் குவிந்திருந்தது. என் வாயில் நாலு குண்டூசி. நீ போனை நீட்டி, ஒரு இயர்போனை என் காதில் வைத்து, "அக்கா, நீ கேளு. நெஜமா எது நல்லா இருக்கு, நீ சொல்லு" என்றாய். ஊரெல்லாம் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் கேட்டாய். திரையில் இரண்டுக்கும் பேர் எழுதியிருந்தது. நான் பேரை வாசித்தேன், பாலு. சத்தத்தைக் கேட்கவேயில்லை. குண்டூசியை எடுத்துவிட்டு, "என்ன இருந்தாலும் வெள்ளக்காரன் சாமான் வெள்ளக்காரன் சாமான்தான்டா. இதுக்குப் போயி லீவ் போட்டியா?" என்றேன்.

நீ இயர்போனை மெதுவாக எடுத்தாய். "ஆமாக்கா" என்று சிரித்தாய். மாடிக்குப் போய்விட்டாய். அன்றைக்கு நான் வேறு மாதிரி சொல்லியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாயா? அதற்குத்தான் வந்தாயா? அதன் பிறகு நீ இன்னொரு ஆம்ப் செய்யவில்லை. அந்த மூன்று பேர் வேண்டாமென்றதால் நிறுத்தினாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாசரிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அனில் சொன்னதாவது தன் பிழைப்புக்காக. நான் சும்மா சொன்னேன். உன் கூடவே இருந்துகொண்டு, உன் சோற்றைக் கட்டிக் கொடுத்துக்கொண்டு சொன்னேன். அவனைக் கேமரா முன்னால் உட்கார வைத்தவளுக்கு என்ன தண்டனை? அதற்குத்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். சமாஜத்தில் அத்தனை பேரும் படிக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக நாசரின் மகள் மலையாளத்தில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறாள். அதை அந்த வீடியோவின் கீழேயே போடச் சொல்லியிருக்கிறேன். அனிலைத் திட்டியவர்கள் என்னையும் நாலு திட்டுத் திட்டட்டும், காலையில் சாயாவோடு உட்கார்ந்து அதையும் இரண்டு தடவை வாசிக்கிறேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேள். இந்தப் பிசின் முழுவதையும் என் கையால் எடுப்பேன், நாலு மாதம் ஆனாலும் சரி, நாலு வருடம் ஆனாலும் சரி. நாசர் கேடு பார்த்து அதை எழுப்புவான். எழும்பிய அன்று கடையைப் பூட்டிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எதுவென்று யாரும் சொல்லாமல், கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பேன். நீ அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் சொல்வேன். அதுவரைக்கும் அனிலுக்கு மன்னிப்புக் கிடையாது. எனக்கும் கிடையாது.

இப்படிக்கு,
நீ கேட்கச் சொன்னதைக் கேட்காமல் போன
உன் கூடப்பிறந்த அக்கா,
சரசு